ஸ்டிக்கருக்கு அடியில் பச்சை முத்திரை

ஹமீதா பானு உட்கார்ந்து டீ குடித்து யாரும் பார்த்ததில்லை. கையில் கிளாஸோடு மிளகாய் காயும் தளத்துக்கும் அரவை மெஷினுக்கும் நடந்தபடியே இருப்பார். கணவர் மௌத்தான பிறகு அதிராம்பட்டினத்தில் ஒண்டியாக நின்று நடத்திய மசாலாத்தூள் கம்பெனி அது. கூட நான்கு பெண்கள் வேலை பார்த்தார்கள்.

போன வருஷம் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த ஒரு தாள் அந்த நடையை ஓட்டமாக்கியது. மிளகாய்த்தூளில் நோய்க்கிருமி இருந்ததாம். மொத்தச் சரக்கையும் அழித்தார். அடுத்த சரக்கைப் பாக்கெட் போட்டு, அரசு உரிமம் உள்ள கதிர்வீச்சு நிலையத்துக்கு லாரியில் அனுப்பினார். காமா கதிர் பட்டால் கிருமி செத்துவிடும். ஆனால் அப்படிச் செய்ததைப் பாக்கெட்டிலேயே சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். வட்டத்துக்குள் இரண்டு இலை மாதிரி ஒரு பச்சை முத்திரை. பக்கத்தில் 'கதிர்வீச்சால் பதப்படுத்தப்பட்டது' என்று ஒரு வரி.

அந்த வரிதான் வினையாயிற்று. பட்டுக்கோட்டை மொத்த வியாபாரி அப்துல் அஜீஸ் போனில் கத்தினார்.

"லாத்தா, அணுகுண்டு மிளகாய்த்தூள்னு வாட்ஸப்புல போட்டு விட்டுட்டாங்க. கடைக்காரங்க அலறுறாங்க. அந்த முத்திரை மேல ஒரு ஆஃபர் ஸ்டிக்கரை ஒட்டி அனுப்புங்க. யாரு பார்க்கப் போறா?"

ஹமீதா ஒட்டினார். நாற்பது பெட்டி. வேலை செய்யும் பெண்களில் மூத்தவளான காத்தாயி, ஸ்டிக்கரை அழுத்தியபடியே கேட்டாள்:

"இந்தத் தூளத்தான் எங்க வீட்லயும் கொழம்புக்குப் போடுறேன். மறைக்கிற அளவுக்கு இதுல என்னக்கா இருக்கு?"

ஹமீதா அடுத்த பெட்டியை இழுத்துப் போட்டார். பெட்டிகள் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. உலை வைக்க மறந்தார். வைத்த உலையில் அரிசி போட மறந்தார். மூன்றாம் நாள் காலை, ஒரு பாக்கெட்டைக் கைப்பையில் திணித்துக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறிவிட்டார். வழியெல்லாம் நடவு நடந்துகொண்டிருந்தது. அவர் கண்ணில் எதுவும் பதியவில்லை.

உணவுப் பாதுகாப்பு அதிகாரி பிரகதீஸ்வரி ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார்.

"நீங்களே ஒட்டுனீங்களா?"

"நானேதான். மேடம், முதல்ல இதச் சொல்லுங்க. இது விஷமா?"

"இல்லம்மா. கதிர் தூளுக்குள்ள தங்காது. ஏர்போர்ட்டுல எக்ஸ்ரே மெஷின்ல பையை விடுறோமே, பை என்ன ஆவுது? அளவு மீறாமப் பண்ணுனா பயமில்ல. ஆனா சாப்பிடுறவங்களுக்குத் தெரியணும். தெரிஞ்சுக்கிட்டு வேணாம்னாங்கன்னா, அது அவங்க உரிமை. அத நீங்க மூடி வச்சிட்டீங்க."

அபராதம் வரும் என்றார். நாற்பது பெட்டியையும் திரும்ப எடுக்கச் சொல்லி எழுதியும் கொடுத்தார்.

அன்றைக்கே பட்டுக்கோட்டைக்குப் போனார் ஹமீதா. அஜீஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதோடு அவரோடு இருந்த வியாபாரம் முடிந்தது. கடை கடையாக ஏறி ஹமீதாவே பாக்கெட்டுகளைப் பொறுக்கி எடுத்தார். "மறைச்சது என் தப்பு" என்று ஒவ்வொரு இடத்திலும் சொன்னார். சிலர் சிரித்தார்கள். ஒருவர், "அப்ப கேன்சர் வரும்னு சொல்றது நெசந்தானே?" என்று கேட்டார். அவருக்கு மட்டும் அரை மணி நேரம் விளக்கினார். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

திரும்பி வந்ததும் காயப்போடும் தளத்தை உயர்த்திக் கட்டி, காக்கையும் நாயும் அண்டாமல் வலை போட்டார். அழுக்காகக் காயவைத்துவிட்டுக் கதிர்வீச்சை நம்பக் கூடாது என்பது அவருக்கே புரிந்திருந்தது. முத்திரையைப் பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே பெரிதாக அச்சடித்தார். பாதிக் கடைகள் இன்னும் வாங்குவதில்லை.

போன மாதம் ஒரத்தநாட்டில் மெஸ் நடத்தும் பகலவன் வந்தார். முத்திரையை உற்றுப் பார்த்தார். என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"சரிங்க. மாசம் பத்து கிலோ அனுப்புங்க."

அவர் போன பிறகு காத்தாயி, "கொஞ்சம் உக்காருங்களேன்க்கா" என்றாள். ஹமீதா உட்கார்ந்தார். புதுச் சரக்கின் ஆய்வு முடிவு அன்று வர வேண்டியிருந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.