குழாயாகிவிட்ட ஓட்டு

எம். புதுப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் பஞ்சாயத்துத் தேர்தல் நடக்கிறது. எதிர்க்கடையில் டீ குடித்தபடி பஸ்ஸுக்கு நிற்கிறேன். விரலில் மையோடு வரும் ஓர் அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னவென்று கேட்கிறேன்.

“ஓட்டுச்சீட்ட மடிக்கச் சொன்னாகண்ணே. தெனமும் பட்டாசுக் குழாய் சுருட்டுற கையில்லையா? நாலு சீட்டையும் சுருட்டிருச்சு. பெட்டி வாயில நொழையல.”

“செல்லாமல் போய்விடுமா?”

“நானும் பயந்துட்டேன். ஆபீசரு மறைப்புக்குள்ள போயி ஒழுங்கா மடிச்சுட்டு வரச் சொன்னாரு.”

“மிஷின் வந்தால் இந்தத் தொல்லை இல்லையே?”

“வேணாம்ணே. சீட்டுன்னா, உள்ள விழுறதக் கண்ணால பாக்கலாம்.”

கடையில் தனக்கும் ஒரு டீ வாங்கி ஒரு வாய் குடிக்கிறார்.

“நல்லவேளை, அங்கன பசை வைக்கல. ஒட்டியும் குடுத்திருப்பேன்.”