நான் ஊதாவாக்கிய பக்கம்

எனக்கு அழகாக எழுத வரும் என்ற கர்வம் சின்ன வயதிலிருந்தே உண்டு. பள்ளிக் கட்டுரைப் போட்டிகளில் வாங்கிய எவர்சில்வர் டம்ளர்கள் கிளப்பிவிட்ட கர்வம். அது ஒரு பெண்ணை என்ன செய்தது என்று சொல்ல இத்தனை வருடமாக எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் எனக்கு வேலை. ஞாயிறு மத்தியானங்களில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில், படிக்காத பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தேன். வந்தவர்கள் ஏழெட்டுப் பெண்கள். எல்லோருக்கும் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை. மீஞ்சூரிலும் இதே மாதிரி ஒரு வகுப்பு இருந்தது. இரண்டு வகுப்பும் இணையத்தில் ஒரே பக்கத்தில் சேர்ந்து எழுதுவோம். இங்கே ஒருவர் ஓர் எழுத்தைத் தட்டினால் அங்கே அப்போதே தெரியும். எழுத உட்காருகிறவர் ஒரு நிறத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் எழுதுவதற்குப் பின்னால் அந்த நிறம் படியும். படிக்கத் தடுமாறுகிறவர்கள்கூட நிறத்தைப் பார்த்தே இது யார் எழுதியது என்று சொல்லிவிடுவார்கள். என் நிறம் ஊதா.

மஞ்சளை எடுத்த அக்காவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. இரும்புக் கம்பெனி ஒன்றில் பெருக்குகிற வேலை. அவருடைய வீட்டுக்காரர் ஐந்தாவது வரை படித்தவர். அந்தப் பெருமையில் வகுப்பைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பார்.

“நான் எய்தனத ஒரு தபா அவரு கண்ணால பாக்கணும் டீச்சர். இல்லாட்டி நின்னுடு, ஞாயித்துக்கெயமயில ஊட்டு வேலைய பாருன்றாரு” என்று அக்கா என்னிடம் சொல்லியிருந்தார். ஆக, எனக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

‘என் காலை’ என்று ஒரு தலைப்பு கொடுத்தேன். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அக்கா எழுதினார்: ‘நான் அடுப்பு பத்த வெக்கசொல்ல அவரு தூங்கினு கீறாரு. டீ வெச்சிட்டு எழுப்புவேன். வேனு பூடும்னு ஓடுவேன்.’ கீழே மீஞ்சூரிலிருந்து யாரோ பச்சையில், ‘எங்க ஊட்லயும் அப்டிதான்’ என்று தட்டினார்கள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்த வாரம் எழுத்தறிவுத் திட்டத்து அதிகாரி ஒருவர் எங்கள் பக்கத்தைப் பார்க்கப்போவதாகத் தகவல் வந்தது. எனக்குக் கை பரபரத்தது. ‘கீறாரு’வைப் பார்த்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எல்லோருடைய வரிகளையும் அழித்து நானே எழுதினேன். மீஞ்சூர்க்காரர்களையும் விட்டுவைக்கவில்லை. அக்காவின் வரி, ‘வைகறையில் துயிலெழுந்து, இல்லப் பணிகளை இனிதே முடித்து, ஆலைக்குப் புறப்படுகிறேன்’ என்று ஆனது. அதிகாரி பிரமாதம் என்று பாராட்டினார். நான் பூரித்துப்போனேன். அந்தப் பூரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அடுத்த ஞாயிறு அக்கா வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மனிதர் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வந்திருந்தார். கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“துயிலெழுந்தா? யாரு, நீயா? இன்னாமே இது, டிவில நியூஸ் படிக்கற மாதிரி கீது.”

“இது என்து இல்ல. நான் உன்ன பத்தி எய்தனேன். மஞ்சளா இருந்துச்சு.” அக்கா விரலால் திரையைத் தடவித் தேடினார். பக்கம் முழுக்க ஊதா. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

உண்மையைச் சொல்ல அரை நிமிடம் போதும். நான் சொன்னது இது: “சில சமயம் கம்ப்யூட்டர் தானா மாத்திடும்க்கா.”

“அப்ப கம்ப்யூட்டரே எய்திக்குது. நீ எதுக்கு வந்துகினு கீறமே?” என்று வீட்டுக்காரர் சிரித்தார். அக்கா எழுந்து அவரோடு போய்விட்டார்.

மூன்று ஞாயிறு அக்கா வரவில்லை. அந்தப் பக்கத்தில் பழையதைத் திருப்பிப் பார்க்கிற வசதி உண்டு. எழுதிய எல்லாமும் எழுதிய வரிசையிலேயே மறுபடி ஓடும். அது எனக்கு அவர்கள் வந்த அன்றைக்கே தெரியும். இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். ‘அடுப்பு’ என்ற ஒரு சொல்லுக்கு அக்கா நாலு முறை அழித்து அழித்து எழுதியிருந்தார். என் ஊதா அதை ஒரே மூச்சில் துடைத்தது. எல்லோருடைய வரிகளையும் மீட்டு, மஞ்சள் தெரிகிற மாதிரி கலரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, ஷிப்ட் விடும் நேரத்துக்கு அக்காவின் கம்பெனி கேட்டுக்குப் போனேன்.

“நான்தான்க்கா மாத்தினேன். கம்ப்யூட்டர் இல்ல.”

அக்கா தாளை வாங்கி, விரல் வைத்துக் கடைசிச் சொல் வரை படித்தார். நாலாக மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“தெரியும் டீச்சர். ஊதா உங்க கலருதானே. அன்னிக்கே தெரியும்.”

“அப்ப ஏன்க்கா அவர்கிட்ட சொல்லல?”

“அவரு எதிர்ல உங்கள எப்டி அசிங்கப்படுத்தறது? எனுக்குன்னா பழக்கந்தான்.”

வேன் ஹாரன் அடித்தது. அக்கா ஓடிப்போய் ஏறிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வாங்கக்கா என்று கூப்பிடத்தான் அங்கே போயிருந்தேன். கூப்பிடவில்லை.