சாவு வண்டியின் சைலன்சர்

வேந்தனிடம் வேலை கொடுத்துவிட்டு அவசரப்படுத்தினால் தொலைந்தது. ஆள் கத்த மாட்டான், திட்ட மாட்டான். கையிலிருக்கிற உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு வந்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். அவர் இடத்தைக் காலி பண்ணின பிறகுதான் தாள் மறுபடி கைக்கு வரும். தங்கச் சுரங்கத்து ஊரில், கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் அவனுடைய தகரக் கொட்டகை. உள்ளே கம்பியில் எந்நேரமும் ஏழெட்டு சைலன்சர்கள் தொங்கும். துரு உதிரும்வரை கம்பி பிரஷ், அப்புறம் உப்புத்தாள், அப்புறம் தின்னரில் நனைத்த துணி, அதற்கும் அப்புறம்தான் சூடு தாங்குகிற கறுப்பு ஸ்ப்ரே. மெலிசாக மூன்று தடவை அடிப்பான்.

அடித்தால் மட்டும் வேலை முடிந்துவிடாது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பச்சையாகவே கிடக்கும். இன்ஜினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு ஆறவிட வேண்டும். பிறகு இருபது நிமிஷம், பிறகு அரைமணி. அப்படி வெந்தால்தான் பெயிண்ட் இரும்போடு ஒட்டும். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பாட்டுதான் பாடுவான்: “மொத வாட்டி பொகையும், நாறும், கண்ணு எரியும். பயந்துகினு ஓடி வந்துடாதீங்க. ஊட்டாண்ட வேணாம், மைதானத்துல வெச்சு ஓட்டுங்க.”

புதன்கிழமை அவன் பூட்டிக் கொடுத்தது ஒரு சாவு வண்டியின் சைலன்சரை. சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டின லைன் வீட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற சங்கத்து வண்டி அது; டிரைவர் கொர்னேலியஸ். வேறு யாரும் அந்த வண்டியைத் தங்கள் கடை வாசலில் நிறுத்தக்கூட விடமாட்டார்கள். வேந்தனுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. கழற்றி, தேய்த்து, அடித்து, காயவைத்து, சாயங்காலம் மாட்டிவிட்டான்.

“நாளைக்கிக் காத்தால வா, சூடு பண்ணிக்கலாம். அதுக்குள்ள வண்டிய எடுக்காத.”

“சாவு இன்னா நம்மள கேட்டுகினா வருது?” என்று சிரித்தான் கொர்னேலியஸ்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வேந்தனின் அப்பா பெருமாள் செத்துப்போனார்.

பெருமாள் முப்பத்தோரு வருஷம் சுரங்கத்தில் பாறையைத் துளைத்தவர். சுரங்கத்தை மூடினார்கள், அவர் நெஞ்சுக்குள் போன கல்தூசி மட்டும் உள்ளேயே இருந்துகொண்டது. கடைசி ஆறு வருஷம் அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு வராது. கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்குவார். தலையணை வைத்தால் சரிந்துவிடுவார் என்று அவர் முதுகுக்குப் பின்னால் வேந்தன் உட்கார்ந்துகொள்வான். பெங்களூரு ஒர்க்‌ஷாப் வேலையை அதற்காகத்தான் விட்டான். பெண் பார்ப்பதைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். பிறகு அதை யாரும் பேசவே இல்லை. அவனுக்கு வயது நாற்பத்தேழு ஆகிவிட்டது.

அன்று காலை முதுகு அவன் மார்பில் சாய்ந்திருந்தது. ஒரு மூச்சு வந்தது, அடுத்தது வரவில்லை. வேந்தன் கொஞ்ச நேரம் பார்த்தான். அவரை மெதுவாகப் படுக்கவைத்தான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக மனுஷன் மல்லாந்து படுத்தார். வேந்தன் ஆக்சிஜன் மிஷினை அணைத்தான், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான். அழுகை வரும் வரும் என்று காத்திருந்தான். ம்ஹூம். பல் டாக்டர் ஊசி போட்ட வாய் மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. அப்பனுக்குக்கூட அழத் தெரியாத ஜென்மமா நான் என்று பயந்தான். அந்தப் பயமும் கொஞ்ச நேரத்தில் மரத்துப்போயிற்று.

பத்து மணிக்குப் பெங்களூருவிலிருந்து தங்கச்சி மாயா வந்தாள். வருஷத்துக்கு இரண்டு தடவை பழத்தோடு வந்து போகிறவள். பாசம் இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். நிறையப் பாசம், நிறைய வேலை. வாசலிலிருந்தே “நைனா” என்று அலறிக்கொண்டு ஓடிவந்து விழுந்தாள். அழுது ஓய்ந்து நிமிர்ந்தபோது, மூலையில் காய்ந்த கண்ணோடு நிற்கிற அண்ணனைப் பார்த்தாள்.

“இன்னாண்ணா நீ? ஒரு சொட்டு கண்ணீரு வரலியா உனக்கு? பாரம் எறங்கிச்சின்னு நிக்கிறியா?”

லைனே கேட்டது. பாரம் இறங்கிற்றா இல்லையா என்றுகூட வேந்தனுக்குத் தெரியவில்லை. “கல்லு மனசும்மா, கல்லு,” என்றாள் அடுத்த வீட்டுப் பாக்யலட்சுமி. அந்தப் பேச்சு மத்தியானத்துக்குள் லைனைச் சுற்றி வந்துவிட்டது. பெத்த அப்பனைப் பாரமாக நினைத்தவன் என்று தங்கச்சி மனதில் பதிந்துவிட்டால் அப்புறம் அவனுக்கென்று யார் இருக்கிறார்கள்? அது ஒன்றுதான் அந்த மரத்த உடம்பிலும் எங்கோ குத்திக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்குக் கொர்னேலியஸ் தயங்கித் தயங்கி வந்தான். “அண்ணா, வண்டி இன்னும் சூடு பண்ணவே இல்லியே. இன்னொரு வண்டி பங்காருபேட்டைக்குப் போய்கீது.”

“எடு,” என்றான் வேந்தன்.

வண்டி முதல் கியரில் ஊர்ந்தது. முதல் திருப்பம் தாண்டியதும் கிளம்பியது பாருங்கள் புகை! வெள்ளை வெளேரென்று, மூக்கைப் பிய்க்கிற நாற்றத்தோடு. பின்னால் வந்த கூட்டம் இருமிக்கொண்டு, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிதறியது. மகன் சிதற முடியுமா? வேந்தன் குழாய்க்கு நேர் பின்னாலேயே நடந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. குழாயின் வளைவில் புகை அதிகமாக வருகிறது, அங்கே பெயிண்ட் தடிப்பாக விழுந்துவிட்டது என்று அவன் மனசு கணக்காகப் பார்த்துக்கொண்டது. அதைத் தவிர அதில் ஒன்றும் ஓடவில்லை.

“இப்பத்தாண்டி ஒடயறான்,” என்றாள் பாக்யலட்சுமி, எட்ட இருந்தே.

அவர்கள் பௌத்தக் குடும்பம். வீட்டுப் பெண்களும் இடுகாடு வரை வந்தார்கள். மாயா புகைக்குள் புகுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “அழுண்ணா. நல்லா அழு. காத்தால நான் பேசினத மன்சுல வெச்சிக்காத.”

சொல்லியிருக்க வேண்டும். இது பெயிண்ட் புகைதான் மாயா என்று ஒரு வார்த்தை. அவனால் முடியவில்லை. ஒருத்தர் ஆசையாக அவன் கையைப் பிடித்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கையை விடவில்லை.

இடுகாடு வருவதற்கு முன்பே புகை நின்றுவிட்டது. பஞ்சசீலம் சொன்னார்கள், இறக்கினார்கள், மண் தள்ளினார்கள். வேந்தன் முகம் காய்ந்து கன்னத்தில் வெள்ளைக் கோடு மட்டும் மிச்சம். மாயா இன்னும் கையை விடவில்லை. அப்போது வந்தான் கொர்னேலியஸ், நல்லவன், ஆனால் வாயில் பூட்டு கிடையாது.

“மன்னிச்சுக்கோங்கண்ணா. பச்ச பெயிண்டு. உங்க கண்ணுல தண்ணியா ஊத்திச்சே, கண்ணாடியில பாத்துகினேதான் வந்தேன். நடுவுல நிறுத்தவும் முடியல.”

மாயாவின் பிடி தளர்ந்தது. “பொகையாண்ணா அது?”

இல்லை என்று சொல்லிவிடலாம். கொர்னேலியஸும் ஒத்துக்கொள்வான். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பொகைதான் மாயா. எனக்கு அழுக வரல. காத்தாலேர்ந்து வந்துடாதான்னு பாக்கறேன், வரல.”

பாக்யலட்சுமி ‘உச்’ கொட்டினாள். மாயா கையை எடுத்துக்கொண்டாள். கோபத்தோடு அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு குழிக்குள் கிடந்த கண். அப்பாவின் எடையைத் தாங்கித் தாங்கி ஒரு பக்கம் இறங்கிப்போன தோள். காலையில் அந்தக் கூட்டத்தில் இதையெல்லாம் அவள் எங்கே பார்த்தாள்?

“போன ஞாயித்துக்கெழம நைனா போன் பண்ணாரு,” என்றாள். “மூச்சு உட்டு உட்டுப் பேசினாரு. ‘உன் அண்ணன் படுத்துத் தூங்கி ஆறு வருசமாச்சும்மா, நான் போனாத்தான் அவன் தூங்குவான்’னாரு. நான்தான், இன்னா பேச்சு இதுன்னு திட்டி போன வெச்சிட்டேன்.”

வேந்தன் கேட்டுக்கொண்டான். யாரைப் பற்றியோ சொல்கிற மாதிரி தலையாட்டினான். இப்போதாவது அழுகை வரும் என்று நின்றான். வரவில்லை. வண்டியின் பின்சக்கரத்தடியில் உட்கார்ந்தான், டயரில் சாய்ந்தான், சாய்ந்த வேகத்தில் தூங்கிப்போனான். வாய் திறந்துகொண்டது. குறட்டை வந்தது.

“பொதச்ச மண்ணு இன்னும் காயல, கொறட்ட உடறான் பாரு,” என்றது ஒரு குரல். யாரோ சிரித்தார்கள்.

மாயா திரும்பினாள். “யாருங்க அது? மெல்லப் பேசுங்க. எங்கண்ணன் தூங்கறான்.” சாயங்கால வெயில் அவன் முகத்தில் நேராக விழுந்தது. முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றாள். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

கொர்னேலியஸ் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான். “அக்கா, வண்டி எடுக்கணுமே. இருட்டிடும்.”

“இருட்டட்டும்,” என்றாள் மாயா.