மொட்டை மோட்டார்

இயந்திரம் வரைகிறவனின் ஆயுளில் பாதி, கணினித் திரையில் சுற்றும் அந்தச் சின்ன வட்டத்தைப் பார்ப்பதிலேயே போய்விடும். இதே தொழிலில் இருப்பவர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செனாயில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், பாலோ ஊர்க்காரரான ஸ்டெல்லா எங்களோடு வந்து சேரும்வரை.

திறக்காத மாடல்

மெர்சிங்கில் ஓர் ஐஸ் ஆலைக்கு ஐஸ் உடைக்கும் இயந்திரம் வரைந்துகொண்டிருந்தோம். அந்த ஆலையின் பொறியாளர் யோகநாதன் பார்க்க வந்தார். அதிகம் பேசாதவர். கணினியில் வரைந்த மாடலைத் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. வட்டம் சுற்றியது. பன்னிரண்டு மோட்டார்கள், ஒவ்வொன்றிலும் எல்லாத் திருகுகளும், பெயர்த்தகட்டின் எழுத்துகள்கூட. யோகநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் காது சூடானது.

ஸ்டெல்லா தன் கணினியைத் திருப்பினார். முந்தின நாளே ஒவ்வொரு மோட்டாருக்கும் ஓர் எளிய வடிவம் செய்து வைத்திருந்தார். முழு மோட்டார் பத்திரமாக இருக்கும். இயந்திரத்துக்குள் மட்டும் திருகும் எழுத்தும் இல்லாத மொட்டை மோட்டார் உட்காரும். மொத்த இயந்திரமும் சட்டென்று திறந்து லேசாகச் சுழன்றது. யோகநாதன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இப்பதான் மெஷினைப் பார்க்கிறேன். இவ்வளவு நேரம் குமார் முகத்தைத்தான் பார்த்தேன்" என்றார், என்னைக் காட்டி.

என் கைவரிசை

எனக்கும் ஆசை வந்துவிட்டது. கியர் பெட்டியை நானே மொட்டையடித்தேன். கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன். வழவழவென்று ஒரு கட்டி கிடைத்தது. அதன் அடியில் ஓர் இரும்புச் சட்டத்தை ஒட்டிவைத்தேன். எதுவும் எதோடும் மோதவில்லை என்றது கணினி. மறுநாள் காலையில் இரும்பு வெட்ட வேண்டும்.

அன்று மத்தியானம் ஸ்டெல்லா என் திரையை எட்டிப் பார்த்தார். "குமார், இதுல எண்ணெய் எப்படி மாத்துவாங்க?"

எண்ணெய் வடிக்கும் மூடி பெட்டியின் அடியில் இருந்தது. அதையும் நான் எடுத்துவிட்டிருந்தேன். இல்லாத மூடியைச் சட்டம் மறைப்பது கணினிக்கு எப்படித் தெரியும்? ஸ்டெல்லா வெட்டும் பிரிவுக்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னார். யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. சாயங்காலம்வரை இருவரும் சேர்ந்து சட்டத்தை நகர்த்தினோம். எழுந்து போகும்போது மட்டும் சொன்னார்:

"திருகு மரைய எடுங்க, வளைவ எடுங்க, பரவாயில்ல. மனுசன் கை போற எடத்த மட்டும் எடுத்துடாதீங்க."

படகுத்துறைப் பக்கம்

இயந்திரம் செய்து முடிக்குமுன், அதைப் பராமரிக்கப்போகிற அந்தோணி அண்ணனிடம் காட்ட வேண்டும் என்று ஸ்டெல்லா பிடிவாதம் பிடித்தார். அண்ணனிடம் இருந்தது ஒரு பழைய கைப்பேசி. அதிலும் திறக்கும்படி இன்னும் லேசான ஒரு வடிவம் செய்தார் ஸ்டெல்லா. கதவுகளையும் கைப்பிடிகளையும் மட்டும் தொடவில்லை.

மெர்சிங் படகுத்துறைப் பக்கம் இருந்த ஐஸ் ஆலைக்குப் போனோம். அந்தோணி அண்ணன் கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு, இயந்திரம் வைக்கப்போகும் காலி இடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு தூண் பக்கத்தில் நின்றார். "இந்தக் கதவு இப்படித் தொறந்தா தூண்ல இடிக்கும்லா. பாதிதான் தொறக்கும். உள்ள எப்படிக் கழுவுறது?" அளந்து பார்த்தோம். அவர் சொன்னது சரி. ஸ்டெல்லா அங்கேயே உட்கார்ந்து கதவின் கீலை மறுபக்கம் மாற்றிக் காட்டினார். அண்ணன் தூணைத் தட்டிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"எல்லாரும் மெஷின எறக்கிட்டுத்தான் எங்களக் கூப்புடுவாங்க. வர்றதுக்கு முந்தி கேட்டது நீங்கதான்."

ஸ்டெல்லாவோடு இத்தனை நாள் வேலை பார்த்தும், "சாப்பிட்டாச்சா?" என்று மனைவி கேட்டால், எங்கே, யாரோடு, எத்தனை இட்லி என்று நான் இன்னும் முழு மாடலைத்தான் திறக்கிறேன்.