நான் தவிர்த்த சோதனை

அந்தச் சோதனையை நிறுத்தியவன் நான்தான். பழுது சோதனையில் இல்லை, மென்பொருளில் இருந்தது. அது தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. இதுதான் என் குற்றம்!

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். பகலில் ஈப்போவில் காப்புறுதி அலுவலக வேலை. மிச்ச நேரமெல்லாம் கட்டற்ற மென்பொருளுக்கு. பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்புகளை யூனிகோட் என்னும் ஒருங்குறிக்கு மாற்றும் சிறிய நிரல் ஒன்று உண்டு. உலகெங்கும் இலவசமாகப் பகிரப்படும் ஓர் இயங்குதளத்தில் அதைத் தொகுத்துச் சேர்ப்பது என் பொறுப்பு. ஊதியம் கிடையாது. ஆனால் அதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறதே...!

புதிய பதிப்பு உள்ளே போக வேண்டுமானால் தானியங்கிச் சோதனைகள் அத்தனையும் தேற வேண்டும். ஒன்று தோற்றாலும் வாசல் திறக்காது. எத்தனை முறை அது என்னை வதைத்திருக்கிறது! எவரோ எதையோ மாற்றினால் என் தொகுப்பு தோல்வியெனச் சிவப்பாகும். இணையம் தடுமாறினால் சிவப்பு. மறுபடி ஓட்டினால், ஒன்றுமே நடக்காததுபோல், பச்சை! பொய்யாக அலறும் மணியை எத்தனை நாள் மதிப்பது?

அந்த முறை, பழைய ரகக் கணினிகளில் மட்டும், பெரிய கோப்புக்கான சோதனை தோற்றது. மூன்று முறை ஓட்டினேன். மூன்றிலும் ஒரே இடத்தில் தோற்றது... அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

ஒரே வரி எழுதினேன்: ‘நம்பகமற்ற சோதனை, தவிர்க்கவும்.’

பச்சை! மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த உணவகத்தில் மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். தே தாரிக் தேநீரை நுரை பொங்க ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார அண்ணன் சிரித்தார்.

“என்னா தம்பி, பொண்ணு வீட்டுல சரின்னுட்டாங்களா லா?”

“அதுக்கும் மேலண்ணே!”

நேராகச் சரோஜா அக்கா வீட்டுக்கு ஓடினேன். தஞ்சோங் ரம்புத்தான் பக்கம், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் வீடமைப்புத் திட்டம் வரவிருந்தது. அங்கிருந்த இடுகாட்டில் ஒவ்வொரு சமாதியாக நின்று பெயர்களைக் குறித்து, பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டிருந்தார் அக்கா. பட்டியலை ஒருங்குறியில் கேட்ட வீடமைப்பு நிறுவனம், அதில் உள்ள சமாதிகளை மட்டுமே வேறிடத்துக்கு மாற்றும். அவருடைய பழைய மடிக்கணினியில் அந்த இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவனும் நான்தான்.

“இப்ப மாத்துங்கக்கா, ஒரே நொடி! பழைய கோப்பு இனி வேணாம், அழிச்சிருங்க!”

ஒரே நொடிதான். நீண்ட பட்டியலின் கடைசிப் பதினேழு பெயர்கள், ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் உதிர்ந்துபோயின. அக்கா அதை அப்படியே நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டார்.

நிலம் சமமான பிறகு, கமுந்திங்கிலிருந்து ஒருவர் தேடி வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“எங்கம்மாவ எங்க மாத்துனாங்கக்கா? பேரே இல்லையே!”

அக்கா திரையை மேலும் கீழும் தேடினார். பிறகு வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“நான்தான் அடிக்காம விட்டுட்டேன் போல... மன்னிச்சிருங்க தம்பி.”

அன்றே வீட்டுக்கு வந்து, நிரலைச் சோதிக்க அக்காவிடம் முன்பே நகலெடுத்து வைத்திருந்த மூலப்படியைத் திறந்தேன். பதினேழும் இருந்தன! அந்தத் தாயின் பெயரும், ஓர் எழுத்துப் பிழையில்லாமல்!

நிரலில் இருந்த பிழையைத் திருத்தினேன். சோதனையைச் சத்தமில்லாமல் மீண்டும் சேர்த்தேன். முகமறியாத எவரோ ‘அருமையான வேலை!’ என்று பாராட்டி எழுதினார். நான் நன்றி சொன்னேன்... எப்படிச் சொன்னேன்?

சென்ற வாரம் பாகான் டத்தோவிலிருந்து இன்னொரு தோட்டத்தார் இதே வேலைக்காக அக்காவிடம் வந்தார்கள்.

“வேணாம் லா. என் கண்ண நானே நம்பறது இல்ல” என்றார் அக்கா.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். உங்களிடம் கொட்டிய இத்தனையையும் அவரிடம் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும்.

“சரிக்கா, நான் வாரேன்” என்று எழுந்துகொண்டேன்.