காய்ச்சல் பார்த்து வாங்கிய பெட்டி

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில், வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்து டி.டி.பி. வேலை செய்துவந்தேன். ஒரு கோயில் கும்பாபிஷேக மலருக்காக மூன்று மாதம் தட்டச்சு செய்து, படங்கள் சேர்த்தது எல்லாம் என் ஹார்ட் டிஸ்கில் இருந்தது. வேறு பிரதி இல்லை. அதை ஸ்ரீவைகுண்டத்து அச்சகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்; பிளாப்பியில் அடங்காது. டிஸ்கை உள்ளே வைத்து, வெளியிலிருந்து கம்ப்யூட்டரில் மாட்டும் பெட்டி வாங்க மனைவியோடு ஜங்ஷன் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் இரண்டு காட்டினார். பச்சை விளக்கு எரியும் பிளாஸ்டிக் பெட்டி எனக்குப் பிடித்துவிட்டது. மற்றது பின்னால் சிறு விசிறி வைத்த கனத்த தகரப் பெட்டி. எனக்குக் கேள்வி கேட்கக் கூச்சம். மனைவிக்கு அது கிடையாது.

"அண்ணாச்சி, ரெண்டுலயும் பழைய டிஸ்கு போட்டு ஓட விடுங்க. நாங்க இங்கன இருக்கோம்."

அரை மணி நேரம் கழித்து, பிள்ளைகளுக்குப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு பெட்டியிலும் புறங்கையை வைத்தாள்.

"என்ன தாயி, காய்ச்சலா பாக்கிய?" என்று சிரித்தார் கடைக்காரர்.

"ஆமா அண்ணாச்சி. பச்சை லைட்டுக்காரனுக்கு நல்லா அடிக்கி. தகரக்காரன் சும்மா இருக்கான். சூடேறுனா டிஸ்கு கெட்டுரும்; இவுக மூணு மாசப் பாடு உள்ள போவுதுல்லா."

தகரப் பெட்டியையே வாங்கினோம். பஸ்ஸில் துண்டை மடித்து மடியில் போட்டு, அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

அச்சகத்துக் கம்ப்யூட்டரில் பக்கங்கள் ஒவ்வொன்றாகத் திறக்க, நான் பதற்றத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியைத் தொட்டுப் பார்த்த மனைவி, யாரும் கவனிக்காத நேரம் என் நெற்றியிலும் கை வைத்தாள்.

"அதுக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் சுடுது."