எந்த ஷிப்ட் அப்பா?

போன வாரம் ஒரு டீச்சரிடம் வசமாக மாட்டிக்கொண்டேன். என்னை மாட்டிவிட்டது நானே எழுதிய கேள்விகள்!

என் வேலை என்ன என்று இங்கே பலமுறை சொல்லியிருக்கிறேன். புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு வரி: பள்ளிப் பிள்ளைகளுக்கு வைக்கும் தேர்வுகளை ஆராய்வது. தேர்வு எதை அளக்கிறது, மதிப்பெண் குறைந்தால் யார் பதில் சொல்ல வேண்டும், எங்கே தில்லுமுல்லு நடக்கிறது... எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது. படித்தது புள்ளியியல். பட்டியல் போடாமல் கறிகாய்கூட வாங்க மாட்டேன்.

இந்த முறை மூன்றாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் ஒரு பத்தி என் கைவண்ணம். நான்கே வரி. அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார். முகம் கழுவுகிறார். அம்மா சாப்பாடு போடுகிறார். பிள்ளைகள் அவரைச் சுற்றி நிற்கிறார்கள். கீழே மூன்று கேள்விகள். இது எந்த நேரம்? பிள்ளைகள் அடுத்து என்ன செய்வார்கள்? அப்பா என்ன செய்வார்? பத்தியில் விடை நேரடியாக இருக்காது. யோசித்துச் சொல்ல வேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

நான் குறித்து வைத்த விடைகள்: மாலை. வீட்டுப்பாடம் எழுதுவார்கள். கதை சொல்வார்.

ஒரே வகுப்பில் ஒரே மாதிரியான தப்புகள் குவிந்தால், நான் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு பள்ளிக்குச் சிவப்பு விழுந்தது. இருபத்து நான்கு பிள்ளைகளில் பத்தொன்பது பேர் மூன்று கேள்விக்கும் ஒரே விடை. காலை. பள்ளிக்குக் கிளம்புவார்கள். தூங்குவார்.

பள்ளியின் பெயர் மேலதிகாரிகளுக்குப் போனது. வகுப்பு ஆசிரியை ரெஜினாவுக்கு மெமோ வந்தது – விடை சொல்லிக்கொடுத்தீர்களா என்று. நேரில் விசாரித்து ஆம், இல்லை என்று எழுதவேண்டியவள் நான். ஆம் என்றால் அவருடைய பதினெட்டு வருட சர்வீஸில் அழியாத கறை.

மீஞ்சூரில் காலை ரயில் ஏறினேன். கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது எதிரே ஒரு பெரிய கூட்டம் ஏறக் காத்திருந்தது. சிவந்த கண்கள், தோளில் காலி டிபன் பை. இடித்துக்கொண்டு வெளியே வந்தேன். கையில் விசாரணைப் பட்டியல் இருந்தது. கண் அதில்தான்.

ரெஜினா டீச்சர் நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். பிறகு ஆரம்பித்தார்.

"ஏம்மா, சொல்லிக்குடுக்கறவளா இருந்தா நான் சரியான பதில சொல்லிக்குடுத்திருக்க மாட்டனா? தப்பான பதில சொல்லிக்குடுத்து மெமோ வாங்க எனக்கு இன்னா பைத்தியமா?"

என் பட்டியலில் இந்தக் கேள்வி இல்லை.

"பசங்களையே கேட்டுக்கோ. நான் வெளிய நிக்கறேன்" என்று போய்விட்டார்.

பத்தியைப் படித்துக் காட்டினேன். "இது எந்த நேரம்?" என்றேன்.

"காலைல!" – கூரை அதிர்ந்தது.

முதல் பெஞ்சில் இருந்த தனுஷாவிடம் ஏன் என்று கேட்டேன். "எங்க நைனா காலைலதான் மிஸ் ஊட்டுக்கு வருவாரு. துன்னுட்டுப் படுத்துக்குவாரு. நாங்க சத்தம் போடாம ஸ்கூலுக்கு வந்துருவோம்."

"எங்கப்பா இந்த வாரம் பர்ஸ்ட் ஷிப்ட்டு மிஸ்" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"டேய், பரீட்சை அன்னிக்கு உங்கப்பா நைட்டு ஷிப்ட்டுதான? எங்க நைனாகூடதான பஸ்ல வந்தாரு!" என்று அவனை அடக்கிய தனுஷா, என் பக்கம் திரும்பினாள். "ஆமா மிஸ், அந்தக் கதைல வர்ற அப்பா எந்த ஷிப்ட்டு? அத்தப் போடவே இல்லியே. அது தெரிஞ்சாதான மிஸ் டைம் சொல்ல முடியும்?"

இத்தனை வருட ஆராய்ச்சியில் என் கேள்வியை இவ்வளவு சுருக்கமாக யாரும் கிழித்ததில்லை.

மூன்றுக்கும் 'சரியான' விடை எழுதியவள் ஒரே ஒருத்தி. யாழினி. உன் அப்பா மாலையில் வருவாரா என்று கேட்டேன். அவள் தயங்கினாள்.

"எங்கப்பாவும் நைட்டு ஷிப்ட்டுதான் மிஸ். ஆனா பரீட்சைல வர்ற அப்பா சாயங்காலம்தான் வருவாரு."

இவளை எனக்குத் தெரியும். இவள் நான்தான்.

என் அப்பாவுக்கு மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. காலையில் வருவார். சாப்பாட்டுக்கு முன் என் ஷூ லேஸைக் கட்டிவிட்டு, அந்தக் கையைக் கழுவிக்கொண்டுதான் தட்டின் முன் உட்காருவார். ஆனால் பரீட்சையில் அப்பாக்கள் மாலையில்தான் வருவார்கள் என்று எட்டு வயதிலேயே கண்டுபிடித்து முழு மதிப்பெண் வாங்கினேன். அப்படியே வாங்கி வாங்கி, கேள்வித்தாள் தயாரிக்கும் இடம்வரை வந்துவிட்டேன். வந்து எழுதிய அப்பாவும் மாலையில்தான் வந்தார். காலையில் ரயில் நிலையத்தில் நான் இடித்துக்கொண்டு வந்தேனே... அத்தனை பேரும் யார்?

அன்றே கடிதம் எழுதினேன். ஆசிரியர் மீது தவறில்லை. அந்த மூன்று கேள்விகளையும் எல்லாப் பள்ளிகளிலும் நீக்கவும். கேள்விகளை எழுதியது நான். என் துறையில் இப்படிச் சொந்தக் கையெழுத்தோடு ஒப்புக்கொள்வது அவ்வளவு சுகமான காரியமில்லை. காரணம் என்ற இடத்தில் மட்டும் வெகுநேரம் யோசித்து ஒரே வரி எழுதினேன்: 'அப்பா எந்த ஷிப்ட் என்று தெரியாமல் நேரம் சொல்ல முடியாது.'

மெமோ ரத்தானது. நேற்று ரெஜினா டீச்சர் போன் செய்தார். கடிதத்தின் நகல் கையில் இருந்தது போல. ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தவர், காரணத்தில் நின்றார்.

"ஏம்மா, இது நம்ம தனுஷா சொன்னதாச்சே?"

"ஆமா டீச்சர். காப்பிதான் அடிச்சேன்."